அவசரக் கத்தரி

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை, காபிக்குப் பிறகு, பொது மண்டபத்தில் வைத்து ஒரு பையன் என் என்சைமைத் திருடிவிட்டான்.

பெயர் நிரஞ்சன். ஆரோக்கிய ஆலோசகராம். காதிலிருந்து வாய்க்கு வளைந்து வரும் மைக். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட கால்சட்டை. நிழற்சோலை முதியோர் குடியிருப்பின் கிழடுகள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "உங்க ஒவ்வொருத்தர் உடம்புக்குள்ளயும் ஒரு டாக்டர் தூங்கிட்டிருக்கார். அவர் பேரு ஏடிஜி4" என்றான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உயிர்வேதியியல் பேராசிரியையாக இருந்த காலத்தின் கடைசிப் பத்து வருடங்களை நான் ஏடிஜி4-உடன்தான் கழித்தேன். அது தூங்கி நான் பார்த்ததில்லை. அது டாக்டரும் இல்லை. புரதத்தை வெட்டுகிற ஒரு என்சைம், அதாவது ஒரு கத்தரி. அதற்குமேல் அதற்குப் பட்டம் பதவி எதுவும் கிடையாது.

இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டால் இந்த டாக்டர் விழித்துக்கொள்வாராம். செல்லுக்குள் சேர்ந்திருக்கும் குப்பையையெல்லாம் தின்றுவிடுவாராம். மூட்டுவலி, சர்க்கரை, மறதி எல்லாம் ஓடிவிடுமாம். எழுந்திருக்க அடம்பிடித்தால் எழுப்புவதற்கு ஒரு பொடியும் கொண்டுவந்திருக்கிறான். பொடிக்குள்ளேயே அந்த டாக்டர் இருக்கிறாராம்.

கையைத் தூக்கினேன். "தம்பி, என்சைம்ங்கிறது ஒரு புரதம். அதை முழுங்கினா, வயிறு துவரம்பருப்பை என்ன பண்ணுமோ அதைத்தான் பண்ணும்."

"சூப்பர் கேள்வி, பாட்டி!" என்றான்.

அது கேள்வி இல்லை. நான் அவனுக்குப் பாட்டியும் இல்லை.

பக்கத்தில் குஞ்சிதம் என் காதில், "பையன் லட்சணமா இருக்கான்டி" என்றாள். குஞ்சிதம் கும்பகோணத்துக் கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்துப் பெஞ்சு. கணக்கை என்னைப் பார்த்துத்தான் எழுதுவாள். நான் தப்பாகப் போட்டால் அந்தத் தப்பையும் ஒரு புள்ளி குறையாமல் எழுதுவாள். இருவரும் சேர்ந்து முட்டி போடுவோம். நான் கோயம்புத்தூரில் வீடு பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அதே குடியிருப்பில் அவளும் ஒன்று வாங்கினாள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு மைசூர்பாகும் சாப்பிடுகிறாள்.

ஜூன் 4, புதன்

ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று இருக்கின்றன. போன வருடம் தைத்தவை. இந்தக் காலத்துத் துணி நாளாக நாளாக இளகிவிடுகிறது. பிடித்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஆளுக்கோர் ஆணி. இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே நம் எண் அடித்த பித்தளை வில்லையை நம் ஆணியில் மாட்டிவிட வேண்டும். சமையல் பொறுப்பாளர் மயிலாத்தாள் அதைப் பார்த்துத்தான் உலை வைப்பாள். சாப்பிட வரும்போது வில்லையைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு மணிக்கு மேலும் ஏதாவது வில்லை தொங்கினால் மயிலாத்தாள் டார்ச்சோடு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். முன்பொரு முறை ஒருவர் இறந்துபோனது மறுநாள்தான் தெரியவந்ததாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதில் ஓர் இம்சை உண்டு. வில்லையை மாட்டாமலே விட்டால் அலுவலகத்திலிருந்து என் மகன் முகுந்துக்கு டல்லாஸுக்குப் போன் போய்விடும். அவன் உடனே கேமராவைப் போட்டு, "அம்மா, நாக்கை நீட்டு" என்பான். ஆகவே காலையில் மாட்டிவிடுகிறேன். மாலையில் நடைபோகிற சாக்கில் போய்க் கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். எல்லோருக்கும் நிம்மதி.

இன்று கழற்றும்போது குஞ்சிதம் பார்த்துவிட்டாள்.

"என்னடி வேதா, வாசலோட திரும்பறே?"

"சாப்பிட்டாச்சு."

"எப்போ? இன்னும் தட்டே வைக்கலையே."

"நான் எதையும் சீக்கிரம் முடிக்கிறவ. உனக்குத் தெரியாதா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கணக்குப் பரீட்சையில் என் தாளைப் பார்க்கும் அதே பார்வை.

திரும்பும் வழியில் மயிலாத்தாள் எதிரே வந்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, நேத்து சந்தவை எப்பிடீங்க இருந்துச்சு?"

சந்தவை என்றால் இந்த ஊர்ப் பக்கத்து இடியாப்பம். "தேங்காய்ப்பால் கொஞ்சம் தண்ணியா இருந்தது."

"தேங்காப்பாலே ஊத்தலீங்களே. எலுமிச்சஞ் சந்தவைதானுங்க போட்டேன்."

"அதைத்தான் குறையாச் சொல்றேன்" என்றேன். சமாளிப்பதற்குக் கான்வென்ட் படிப்புக்கு ஈடு எதுவும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

அலுவலகத்திலிருந்து மறுபடியும் கேட்டனுப்பினார்கள். 17 ஆ என்ற வில்லையைத் திருப்பித் தர வேண்டுமாம். 17 அ என்னுடையது. 17 ஆ என் கணவர் சபேசனுடையது. அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் புளியைக் கரைத்து இரண்டு வில்லைகளையும் தேய்த்துக் கழுவினேன். பித்தளை கறுத்துப்போனால் பார்க்கச் சகிக்காது.

சபேசன் மின்வாரியத்தில் எஞ்சினியர். நல்ல மனிதர். ஆனால் ரசத்தைக் கையில் ஏந்தி, கூடத்தின் மறுகோடிவரை கேட்கும்படி உறிஞ்சுவார். நாற்பத்தெட்டு வருடம் சொல்லிப் பார்த்தேன். "ரசத்துக்கு நாம் தருகிற மரியாதை அது" என்பார். இப்போது அவர் நாற்காலியில் கர்னல் பொன்னுரங்கம் உட்காருகிறார். ஓய்வுபெற்ற ராணுவக்காரர். கரண்டி, முள்கரண்டி எல்லாம் ஒழுங்காகப் பிடித்து, ஒரு சத்தமும் இல்லாமல் சாப்பிடுகிறார். அப்படிச் சாப்பிடுகிற மனிதருக்கு எதிரே உட்கார எனக்கு என்னவோ பசிப்பதில்லை. மற்றபடி நாற்காலி என்பது வெறும் மரம்.

ஜூன் 12, வியாழன்

குஞ்சிதம் இளைத்திருக்கிறாள். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறாள். "வளையல் கழண்டு விழறதுடி!"

"ராத்திரி சாப்பிடறியா?"

"சாப்பிடறேனே."

"சர்க்கரை மாத்திரை?"

"அதையும்தான் சாப்பிடறேன். என்னடி போலீஸ் மாதிரி?"

எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மாத்திரை எந்த வகை என்று எனக்குத் தெரியும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. இருக்கிற சர்க்கரையை இறக்கிவிட்டுத்தான் ஓயும். மாத்திரையையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால் ஆள் மயங்கி விழுவாள். எழுந்திருக்காமலும் போகலாம். இதை அவளிடம் சொன்னேன். பாராமுகமாகத் தலையாட்டினாள். அவள் வீட்டு அலமாரியில் நிரஞ்சனின் பொடி டப்பா இருந்தது.

நேரே அலுவலகத்துக்குப் போய், இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை பொது மண்டபம் எனக்கு வேண்டும் என்றேன். எதற்கு என்றார்கள். ஒரு என்சைமின் மானத்தைக் காப்பாற்ற என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் 14, சனி

மழை. இரவு வெண்பொங்கலாம். இங்கே முந்திரியைக் கண்ணில் காட்டுவதில்லை. அதற்காகப் போய் நனைவானேன். குடையோடு போய் வில்லையை மட்டும் எடுத்து வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

பேச்சுக்குக் குறிப்பு எடுக்கிறேன். இந்தக் கூட்டத்துக்குப் புரிகிறபடி சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குக் காது கேட்காது. மீதிப் பேர் கேட்க மாட்டார்கள்.

செல்லுக்குள் பழுதான சாமான்கள் சேர்கின்றன. அவற்றை அள்ளிக்கொண்டு போக ஒரு பை உருவாகிறது. அந்தப் பை வளர்ந்து மூட வேண்டுமென்றால், அதன்மேல் பெயர்ச்சீட்டு போன்ற சின்னச் சின்ன அட்டைகள் ஒட்டவேண்டும். எல்சி3 என்று பெயர். அந்த அட்டை பிறக்கும்போதே வால் வைத்துக்கொண்டு பிறக்கிறது. வால் இருக்கும்வரை பையில் ஒட்டாது. நம் கத்தரி வந்து வாலை நறுக்குகிறது. பிறகுதான் மற்ற என்சைம்கள் சேர்ந்து அட்டையைப் பையில் ஒட்டுகின்றன. பை குப்பையைச் சுற்றி மூடி, செரிக்கும் அறைக்குப் போகிறது.

கத்தரி இன்னொரு முறையும் வருகிறது. வேலை முடிந்த பையின் வெளிப்புறத்தில் இருக்கும் அட்டைகளைக் கழற்றி அடுத்த பைக்கு அனுப்பிவைக்கிறது. ஒட்டுவதற்கு வழிசெய்வதும் அதுதான், கழற்றுவதும் அதுதான். இந்த இரண்டாவது வெட்டுதான் எனக்குப் பிடித்தது. என் மாணவிகள் யாருக்கும் பிடித்ததில்லை. முதல் வெட்டில்தான் கட்டுரை சீக்கிரம் அச்சாகும்.

இந்த ஒழுங்கில் 'தின்பது' எங்கே வருகிறது, 'டாக்டர்' எங்கே வருகிறார் என்று நிரஞ்சனை மேடையில் நிறுத்திக் கேட்கப்போகிறேன். முன்வரிசையில் உட்காரவைத்துக் கேட்பது இன்னும் நன்றாக இருக்கும். அழைப்பு அனுப்பியாகிவிட்டது. "கண்டிப்பா வரேன் பாட்டி" என்று ஒரு தாமரைப் பூ படத்தோடு பதில் வந்தது.

ஜூன் 19, வியாழன்

இன்று எழுத்து வரியில் நிற்கவில்லை. கோணல் எழுத்தில் எழுதினால் சிஸ்டர்கள் ஸ்கேலால் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

குஞ்சிதத்தின் வீடு என் வீட்டுக்குப் பின்வரிசை. தினமும் சீரியல் நேரத்தில் அவள் டிவி என் சுவரைத் துளைக்கும். மாமியார்கள் அழுவது, மருமகள்கள் அழுவது எல்லாம் எனக்கும் சேர்த்துக் கேட்கும். இன்று கேட்கவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு இருக்கவில்லை.

போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. சமையல் மேடைக்குக் கீழே கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. கண் பாதி திறந்திருந்தது. "சிஸ்டர், நான் எழுதலை" என்று முணுமுணுத்தாள். என்னைப் பார்த்தே சொன்னாள்.

தலையை மடியில் நிமிர்த்தி வைத்து, சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். விழுங்கினாள். நல்லவேளை, விழுங்கினாள். போட்ட சத்தத்தில் மயிலாத்தாள் ஓடிவந்தாள்.

"ஐயோ சாமி, என்னுங்க இது! எட்டு மணிக்குப் பலகையப் பாத்தனுங்களே, ஒரு வில்லை தொங்கலீங்களே! அம்மா சாப்புட்டுட்டுப் போயிட்டாங்கன்னுதானுங்க நெனைச்சேன்!"

குஞ்சிதத்தின் வலது கை மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தேன். உள்ளே 22 என்ற வில்லை.

மாட்டியிருக்கிறாள். சாப்பிடாமல் கழற்றியிருக்கிறாள். ஆகவே யாரும் வந்து தட்டவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. கூடப் போனேன். டாக்டர் பையன் இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றான். இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க உட்காருங்கம்மா, நீங்கதான் பேஷன்ட் மாதிரி இருக்கீங்க" என்றான். அவனுக்குப் பார்வை சரியில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் குஞ்சிதம் தெளிந்துவிட்டாள். ஆஸ்பத்திரி இட்லியைக் குறை சொன்னாள். அதுவே நல்ல அறிகுறி. நான் நிரஞ்சனைத் திட்ட ஆரம்பித்தேன். நாளைக்கு மேடையில் அவனை உரித்துத் தொங்கவிடப் போவதாகச் சொன்னேன்.

"அவனை ஏன்டி திட்டறே?"

"பின்னே? அவன் பேச்சைக் கேட்டுத்தானே பட்டினி கிடந்தே?"

குஞ்சிதம் சிரித்தாள். ஊசி குத்திய கையை வைத்துக்கொண்டு அப்படிச் சிரிக்கக் கூடாது.

"அந்தப் பையன் பேச்சை யாருடி கேட்டா? லட்சணமா இருக்கான்னுதான் டப்பாவே வாங்கினேன். ஒரு ஸ்பூன் வாயில போட்டேன், மாட்டுத் தீவனம் மாதிரி இருந்தது, மூடி வெச்சுட்டேன். நான் உன்னைப் பார்த்துத்தான்டி செஞ்சேன்."

"என்னைப் பார்த்தா?"

"சபேசன் போனதுலேர்ந்து நீ ராத்திரி சாப்பிடறதில்லே. வில்லையை மாட்டறே, கழட்டறே, வாசலோட திரும்பறே. எனக்குக் கண்ணில்லையா? எத்தனை தடவை கூப்பிட்டேன், 'ஆச்சு ஆச்சு'ன்னியே. சரி, என்சைம் படிச்சவ, மண்டபத்திலே 'பொய்'னு கத்திட்டு வீட்டுலே அதையே செய்யறாளே, அப்போ அதுல என்னமோ இருக்கு, நமக்குச் சொல்ல மாட்டேங்கறான்னு நினைச்சேன்."

"என்னமோ இருக்குன்னு யார் சொன்னா?"

"நீ எப்பவாவது தப்பா செஞ்சிருக்கியா வேதா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஒருவன் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தான். நன்றாக வெட்டினான்.

"நான் சர்க்கரை மாத்திரை சாப்பிடறதில்லே" என்றேன்.

"அதைத்தான்டி நான் யோசிக்கலை" என்றாள். பிறகு, "உனக்கு என்ன ஆச்சுன்னு நீயும் யோசிக்கலை. ரவிக்கையைப் பாரு. உள்ளே இன்னொருத்தி வந்து குடியிருக்கலாம்" என்றாள்.

நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜூன் 21, சனி

பேசினேன்.

சாப்பாட்டுக் கூடத்துப் பலகையை ஆணிகளோடு கழற்றி மேடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். இதைவிட நல்ல படம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பலகைதான் பை, வில்லைதான் அட்டை என்றேன். வாலை வெட்டுவதைச் சொன்னேன், ஒட்டுவதைச் சொன்னேன், மூடுவதைச் சொன்னேன். முன்வரிசையில் நிரஞ்சன் போனில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். பொடியும் துவரம்பருப்பும் ஒன்று என்று சொன்னபோது மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் மானத்தை வாங்குவதில் எனக்கு நேற்றுவரை இருந்த ருசி இன்று இல்லை.

"அப்போ கத்தரியை நிறைய உண்டாக்கினா நல்லதா, மேடம்?" என்று கேட்டான். பாட்டி போய் மேடம் வந்திருந்தது.

நல்ல கேள்வி. இது உண்மையிலேயே கேள்வி.

"இல்லை. கத்தரி அதிகமானாலும் கெடுதல், அவசரப்பட்டாலும் கெடுதல். பை மூடறதுக்கு முன்னாடியே அது வந்து அட்டையைக் கழற்றிட்டா, பை வளராது. குப்பை அப்படியே கிடக்கும். அதனாலதான், பை உருவாகிற இடத்துல கத்தரியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கிற ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கு. வேலை முடியட்டும், அப்புறம் கழற்று அப்படின்னு."

அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

"நம்ம பலகையில அந்த ஏற்பாடு இல்லை. சாப்பிடறதுக்கு முன்னாடியே யார் வேணும்னாலும் தன் வில்லையைக் கழற்றிட்டுப் போயிடலாம். பார்க்கிறவங்களுக்கு எல்லாம் நடந்து முடிஞ்ச மாதிரி இருக்கும். வியாழக்கிழமை அப்படித்தான் ஆச்சு."

கர்னல் பொன்னுரங்கம் எழுந்தார். ராணுவ வழக்கப்படி விவரம் கேட்டார். "மேடம், அப்படி முன்னாலேயே கழற்றினது எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"யார் யார்?"

"ஒருத்தி ஆஸ்பத்திரியில இருக்கா."

"இன்னொருத்தர்?"

"மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா."

காது கேட்காத பாதிக்கும் அது கேட்டுவிட்டது போலிருந்தது. பின்னால் நின்ற மயிலாத்தாள் மட்டும், "எலுமிச்சஞ் சந்தவை!" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி யாரும் தன் வில்லையைத் தானே கழற்றக் கூடாது, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் கழற்ற வேண்டும், அதுவும் ரசம் முடிந்த பிறகு, என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். கைகள் உயர்ந்தன. நிரஞ்சனும் தூக்கினான். அவனுக்கு இங்கே ஓட்டு இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

குஞ்சிதம் வீடு திரும்பினாள். அவளுடைய 22 ஆம்புலன்ஸில் எங்கோ விழுந்துவிட்டது. புது வில்லை அடித்து வர நாளாகுமாம்.

தற்செயலாக, தொலைந்துபோன 17 ஆ கிடைத்துவிட்டது. என் புடவை அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், மெல்லிய துணியில் சுற்றியிருந்தது. யாரோ வைத்திருக்கிறார்கள்.

"இதை வெச்சுக்கோ" என்றேன்.

குஞ்சிதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பளபளன்னு இருக்கேடி. தொலைஞ்சு போனது மாதிரியே இல்லையே."

"பித்தளை அப்படித்தான்."

சபேசனின் ஆணியில் அவளே மாட்டினாள். அந்த ஆணி கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. அழுத்தினால்தான் மாட்டும்.

மாலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனேன். வாசலோடு திரும்பவில்லை. கர்னல் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கர்னல், அது என் வீட்டுக்காரர் நாற்காலி."

அவர் துள்ளி எழுந்தார். "ஆறு மாசமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மேடம்?"

"இப்போ சொல்லிட்டேனே. வேற இடம் பாருங்க, குஞ்சிதம் உட்காரணும்."

மயிலாத்தாள் தட்டை வைத்தாள். இட்லி பரவாயில்லை. மிளகு ரசம், நன்றாகக் கொதித்து இறக்கியது. கிண்ணத்தில் ஊற்ற வந்தவளைத் தடுத்து, கையை ஏந்தினேன்.

மறுகோடியில் உட்கார்ந்திருந்த கர்னல் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது. சிஸ்டர்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

குஞ்சிதம் எழுந்து போய் என் வில்லையைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன் மயிலாத்தாளிடம்.